பாட்டியின் குரலும் கணிப்பொறிக் கோப்பும்



பொம்மசந்திரா தொழிற்பேட்டையை நம்பி, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாம். நம் வீடுகள் பலவற்றில் பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதற்குள் பத்திருபது கேசட்டுகள் கிடக்கும். அவற்றுள் சினிமாப் பாட்டுக் கேசட் போனால் கவலையில்லை. அதே பாட்டு வேறு வழியில் கிடைத்துவிடும். ஆனால் தொலைபேசி அரிதாயிருந்த நாளில் ஊரிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட், தாத்தா பாடிய தெருக்கூத்துப் பாட்டு, பாட்டி பேரப்பிள்ளைக்குச் சொன்ன கதை ஆகியவற்றுக்கு உலகில் வேறெங்கும் பிரதி கிடையாது. பெங்களூரில் பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஊர்த்தமிழைக் காதால் கேட்கக் கிடைக்கும் பாடப்புத்தகமும் அதுவே.

இப்போது பலரும் அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் மாற்றும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் மாற்றினால், காப்பாற்றப் போன பொருளையே கெடுத்துவிடுவோம். நான் மின்னணுத் துறையில் வேலை செய்பவன். நம் சங்கத்தில் சிலருக்கு இந்த வேலையில் உதவியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி இப்பாடத்தில் எழுதுகிறேன்.

ஒலி எண்ணாவது எப்படி?

கேசட்டில் உள்ளது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அகலம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதன்மேல் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுத் தூள் பூசப்பட்டிருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இந்த நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். குரலின் ஏற்ற இறக்கம் காந்த ஏற்ற இறக்கமாக நாடாவில் பதிந்திருக்கும்.

கணிப்பொறிக்குத் தெரிந்தது எண் ஒன்றுதான். ஆகவே ஒலி அலையின் உயரத்தை அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எழுதிக்கொள்கிறது. ஓர் அளவுக்கு ஒரு ‘மாதிரி’ என்று பெயர். குறுவட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் உண்டு. ஏன் இத்தனை? மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்கவேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் என்னும் அறிஞர்களின் பெயரால் வழங்கும் விதி. 20,000-இன் இரு மடங்கு 40,000. அதற்குச் சற்று மேலே வைத்தது 44,100.

ஒவ்வொரு மாதிரியையும் 16 பிட்டில், அதாவது 2 பைட்டில் எழுதுகிறார்கள். இடது, வலது என இரு தடங்கள். கணக்குப் போடுவோம்: 44,100 × 2 × 2 = 1,76,400 பைட் ஒரு நொடிக்கு. ஒரு நிமிடத்துக்கு 1,05,84,000 பைட். ஏறத்தாழ பத்தரை மெகாபைட். ஒரு மணி நேரக் கேசட் இப்படி மாறினால் சுமார் 635 மெகாபைட் ஆகும்.

மூன்று வகைக் கோப்புகள்

கோப்பு வகைகள் எத்தனையோ பெயரில் இருந்தாலும் நமக்கு வேண்டிய பாகுபாடு மூன்றுதான்.

முதல் வகை, சுருக்காத கோப்பு. அளந்த எண்களை அப்படியே எழுதி வைப்பது. 1991-இல் மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் வெளியிட்ட ‘வேவ்’ இவ்வகை. இடம் அதிகம் பிடிக்கும்; எதையும் விடாது.

இரண்டாம் வகை, இழப்பில்லாமல் சுருக்கிய கோப்பு. 2001-இல் வெளிவந்த ‘ஃபிளாக்’ இவ்வகை. கட்டிலில் விரித்த கம்பளியை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது இது. பிரித்தால் அதே கம்பளி, ஒரு நூல்கூடக் குறையாது. பெரும்பாலும் வேவ் கோப்பின் பாதி அளவுக்கு வந்துவிடும். மூல ஒலியின் எண்களிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளக் குறியையும் ஃபிளாக் தன்னுள் வைத்திருக்கும். கோப்பு பின்னாளில் கெட்டுவிட்டதா என்று அதைக்கொண்டு சோதிக்கலாம்.

மூன்றாம் வகை, இழப்புடன் சுருக்கிய கோப்பு. எம்பி3, ஏஏசி, ஓபஸ், பழைய கைப்பேசிகளின் ஏஎம்ஆர் ஆகியவை இவ்வகை. இது கம்பளியை வெட்டிச் சிறிதாக்குவது போன்றது. வெட்டிய துண்டு திரும்ப வராது.

எம்பி3 எதை வெட்டுகிறது?

ஓசூர் ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தால், எதிரே இருப்பவர் வாயசைப்பது தெரியும், சொல் கேட்காது. குரல் நிற்கவில்லை, பெரிய ஒலி சிறிய ஒலியைக் காதிலிருந்து மறைத்துவிட்டது. இதை ‘ஒலி மறைப்பு’ என்பர். எப்படியும் காதுக்கு எட்டாத ஒலியை எதற்காக எழுதி வைக்கவேண்டும் என்று கேட்டதுதான் எம்பி3-இன் மூலக்கருத்து.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் இதில் பெரும்பங்கு வகித்தனர். கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘எம்பி3’ என்று போடுவதென அவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலையில். ஒரு கிகாபைட் வட்டே பெரிதாகக் கருதப்பட்ட காலம் அது. நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் ஒரு நிமிட ஒலி ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. வேவ் கோப்பில் பதினொன்றில் ஒரு பங்கு! உலகமே எம்பி3-க்கு மாறியதில் வியப்பில்லை. அதன் காப்புரிமைக்கான உரிம வசூலும் 2017-இல் முடிந்துவிட்டது.

இங்கே நாம் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எம்பி3 முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா என்னும் பாடகி பக்கவாத்தியம் இன்றித் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்துச் சோதித்தார். முதலில் அக்குரல் மிகவும் கெட்டு ஒலித்தது. மேளதாளம் இருந்தால் பிழைகளை அது மறைக்கும். தனிக்குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அப்பாட்டை மீண்டும் மீண்டும் கேட்டே முறையைத் திருத்தினார். நம் கேசட்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் தனிக்குரல்தானே!

ஒருவழிப் பாதை

இப்பாடத்தின் சாரம் இதுதான்: இழப்பில்லாக் கோப்பிலிருந்து இழப்புள்ள கோப்புக்குப் போகலாம்; திரும்பி வர வழியில்லை.

எம்பி3 கோப்பை வேவாகவோ ஃபிளாக்காகவோ மாற்றினால் அளவு பெருக்குமே தவிர, தரம் ஏறாது. பாலில் கலந்த தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் பால் கெட்டியாகுமா? 64 கிலோபிட் எம்பி3-ஐ 320 கிலோபிட்டாக மாற்றுவதும் அப்படியே. இன்னும் கேளுங்கள். எம்பி3-ஐ ஏஏசியாக்கி, பிறகு ஓபஸாக்கினால், ஒவ்வொரு படியிலும் ஒரு வெட்டு விழும். ஒவ்வொரு முறையும் எதை விடலாம் என்று வெவ்வேறு கணக்குப் போடுவதால், பிழைமேல் பிழை சேரும்.

இது ஏட்டுக் கணக்கன்று என்பதை நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் அனுபவம் காட்டும். அவர்கள் தருமபுரிப் பக்கத்துக்காரர்கள். மறைந்த பாட்டி 1994-இல் தம் பிறந்த ஊரைப் பற்றியும், பஞ்சம் வந்தபோது அங்கிருந்து நடந்தே வந்ததைப் பற்றியும் பேசிய கேசட் ஒன்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்துக் குறுவட்டாக்கினார்கள். கடைக்காரர் சிறிய அளவு எம்பி3 ஆகப் போட்டுத் தந்தார். வேலை முடிந்ததென்று கேசட்டை எறிந்துவிட்டார்கள். அந்த எம்பி3 பிறகு ஒரு கைப்பேசிக்கும், அங்கிருந்து வேறு வகைக் கோப்புக்கும் மாறியது.

இப்போது பேரன் அந்த ஊரைத் தேடிப் போக விரும்புகிறார். அங்கே குலதெய்வக் கோயில் இருக்கிறதாம். பாட்டி ஊர்ப் பெயரைச் சொல்வது ஒரே ஓரிடத்தில். பத்துத் தடவை போட்டுக் கேட்டோம். முதலெழுத்து ‘சே’யா, ‘தே’யா, ‘பே’யா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

காரணம் என்ன? மெல்லிய சகரத்தை நாம் ஸகரம் போல ஒலிக்கும்போது அதன் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய கைப்பேசியின் ஏஎம்ஆர் பதிவு நொடிக்கு 8,000 மாதிரிதான் எடுக்கும். மேலே சொன்ன விதிப்படி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அதில் இருக்க முடியாது. சிறிய அளவு எம்பி3-யும் உயர் அதிர்வுகளைத்தான் முதலில் கைவிடும். தொலைபேசியில் பெயர் சொல்லும்போது “சரவணனுக்கு ச, தங்கவேலுக்கு த” என்று விளக்கவேண்டி வருவதும் இதனால்தான்.

நல்லகாலம், அதே கேசட்டை அந்நாளிலேயே இன்னொரு கேசட்டில் நகலெடுத்து அரூரில் உள்ள மாமா வீட்டில் வைத்திருந்தார்கள். வரவழைத்தோம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றி, ஒலித்தலையின் சிறு திருகைக் குரல் தெளியும்வரை மெல்லத் திருப்பி, சுருக்காத கோப்பாகப் பதிவு செய்தோம். ‘ஸ்ஸ்’ என்ற நாடா இரைச்சல் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே ‘சே’ என்பது தெளிவாகக் கேட்டது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். இரைச்சலோடு கூடிய நகல் கேசட் வைத்திருந்த எழுத்தை, இரைச்சல் குறைந்த எம்பி3 தொலைத்துவிட்டிருந்தது!

கேசட்டிலிருந்து கணிப்பொறிக்கு

செய்முறைக்கு வருவோம்.

1. கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் முளைகள் இரண்டையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிட வேண்டாம்; தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

2. டேப் ரிக்கார்டரின் ஒலித்தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். பல ஆண்டு சும்மா கிடந்த கேசட்டை ஒருமுறை முன்னும் பின்னும் முழுவதும் ஓட்டிய பிறகு போடுங்கள். நாடா தளர்ந்து தொங்கினால் நமக்குத் தெரிந்த பென்சில் வைத்தியம் இருக்கவே இருக்கிறது.

3. டேப் ரிக்கார்டரின் ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து கணிப்பொறிக்கு ஒரு கம்பி வேண்டும். ஒலிபெருக்கியின் முன் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்யாதீர்கள். மின்விசிறியும் குக்கர் விசிலும் சேர்ந்து பதியும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் மைக் துளைதான் உண்டு. ஆகவே ‘லைன் இன்’ வசதியுள்ள ஒரு யுஎஸ்பி ஒலி அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்த பிறகு, பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு போய், பச்சைத் தடத்தில் மாறிச் சிக்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம்.

4. பதிவுக்கு ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் போதும். 2000-இல் வெளிவந்தது, விலையில்லாதது. 44,100 அல்லது 48,000 மாதிரி என்று வையுங்கள். முடிந்தால் 24 பிட். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான அனைத்துலகச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு 48,000 மாதிரி, 24 பிட். பழைய டூ-இன்-ஒன்னில் வீட்டில் பேசிப் பதிந்தவை பெரும்பாலும் ஒற்றைத் தடம். அதற்கு ‘மோனோ’ போதும், இடமும் பாதியாகும்.

5. அளவுமானி சிவப்பைத் தொடக்கூடாது. உரத்த சிரிப்பு வரும் இடத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உச்சியில் வெட்டுப்பட்ட அலையைப் பின்னால் சரியாக ஒட்டவைக்க முடியாது.

6. பதிவு முடிந்ததும் வேவ் அல்லது ஃபிளாக் ஆகச் சேமியுங்கள். இதுதான் ‘மூலக் கோப்பு’. இதன்மேல் கைவைக்கக்கூடாது. இரைச்சல் நீக்குவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அதன் நகலில் செய்யுங்கள். உறவினருக்கு அனுப்ப மூலக் கோப்பிலிருந்து நேரே ஓர் எம்பி3 எடுங்கள். அடுத்த முறை வேறு வகை வேண்டுமென்றாலும் மூலக் கோப்பிடமே திரும்பிப் போங்கள், எம்பி3-இலிருந்து எடுக்காதீர்கள்.

7. கேசட்டை எறியாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி கிடைக்கலாம்.

கைப்பேசியில் உள்ள குரல்கள்

இன்றைய பாட்டிமார்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்கள். அது 2012-இல் தரப்படுத்தப்பட்ட ‘ஓபஸ்’ முறையில் சுருக்கப்பட்டு வருகிறது. நமக்குக் கிடைக்கும் மூலமே சுருக்கியதுதான். ஆகவே வந்த கோப்பை வந்தபடியே கணிப்பொறிக்குப் படியெடுத்து வையுங்கள். ‘எம்பி3 ஆக மாற்றித் தருகிறோம்’ என்னும் செயலிகளில் போட்டுவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். தொகுப்பதற்கு வேறு வகை தேவைப்பட்டால் வேவாக மாற்றித் தொகுக்கலாம்; இழப்பு கூடாது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை அழித்து வேறு எழுத்துப் போடுவதைச் சிலர் மாற்றம் என்று எண்ணுகிறார்கள். உப்பு டப்பாவில் ‘சர்க்கரை’ என்று சீட்டு ஒட்டினால் உப்பு இனிக்காது.

டப்பாவும் உள்ளே உள்ள பொருளும் வேறு என்பதால் ஒரு நன்மையும் உண்டு. கல்யாண வீடியோவிலிருந்து தாத்தாவின் வாழ்த்துரையை மட்டும் எடுக்கவேண்டுமா? வீடியோக் கோப்பு என்னும் டப்பாவில் படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய ‘எஃப்எஃப்எம்பெக்’ என்னும் இலவச மென்பொருளில் ‘மறுபடி சுருக்காமல் நகலெடு’ என்று ஆணையிட்டால், ஒலியைச் சேதமில்லாமல் வேறு டப்பாவுக்கு மாற்றித் தரும்.

பெயரும் இடமும்

‘டிராக் 01’ என்ற பெயரில் கிடக்கும் கோப்பு பத்தாண்டு கழித்து யாருக்கும் பயன்படாது. பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எதைப் பற்றி என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பதிவில் வரும் ஊர்ச்சொற்களை ஒரு நோட்டில் பொருளோடு குறியுங்கள். இந்த வேலையைப் பெரியவர்கள் இருக்கும்போதே செய்வது நல்லது. இரு பிரதிகள் வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று ஊரில். அரூர் மாமா வீட்டுக் கேசட் சொல்லும் பாடம் அது.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டமும், மேலே சொன்ன ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 2019-இல் காந்த நாடாக்கள் குறித்து உலகுக்கு எச்சரிக்கை விடுத்தன. நாடா நன்றாக இருந்தாலும், அதை ஓட்டும் கருவியும் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் அருகி வருவதே பெரிய ஆபத்து என்றன. நம் வீட்டுப் பரணுக்கும் இது பொருந்தும்.

கிரியர்சன் நடத்திய இந்திய மொழி ஆய்வை ஒட்டி, 1913 முதல் 1929 வரை நாட்டின் பல மொழிப் பேச்சுகளைக் கிராமஃபோன் தட்டுகளில் பதிந்தார்கள். வீட்டைவிட்டுத் தூரதேசம் போன மகன் திரும்பி வரும் கதையைப் பலரும் தத்தம் மொழியில் சொன்னார்கள். அத்தட்டுகளைப் பத்திரப்படுத்தியதால்தான் நூறாண்டுக்குப் பின் அவை கணிப்பொறிக் கோப்புகளாகி இன்று நம் காதுக்கு எட்டுகின்றன. நம் குடும்பங்களின் கதையும் ஒருவகையில் அதேதானே!

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடினால், ஒரு பக்கம் 30 நிமிடம் ஓட எத்தனை மீட்டர் நாடா வேண்டும்?

2. ஒரு மணி நேரப் பேச்சை 44,100 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடமாகப் பதிந்தால் எத்தனை மெகாபைட்? அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் எவ்வளவு?

3. 64 கிகாபைட் பென் டிரைவில் அப்படிப்பட்ட வேவ் கோப்புகள் எத்தனை அடங்கும்? (மெகா என்பதைப் பத்து லட்சம், கிகா என்பதை நூறு கோடி என்று கொள்க.)

4. வீட்டில் யாரேனும் ஒரு பெரியவரைப் பத்து நிமிடம் அவர் பிறந்த ஊரைப் பற்றிப் பேசச் சொல்லி, சுருக்காத கோப்பாகப் பதிவு செய்க. உங்களுக்குப் புரியாத சொற்களைக் கேட்டு எழுதுக.

விடைகள்: (1) சுமார் 86 மீட்டர். (2) சுமார் 318 மெகாபைட், 57.6 மெகாபைட். (3) 201. நான்காவது கேள்விக்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. எழுதிய சொற்களைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எந்த ஊரில் எந்தச் சொல் வழங்குகிறது என்று சேர்ந்து பார்ப்போம். கேசட் ஓட்டும் கருவி இல்லாதவர்கள் அட்டைப்பெட்டியோடு வரலாம். என்னிடம் நன்றாக ஓடும் டேப் ரிக்கார்டர் ஒன்று இருக்கிறது.